கைத்திண்டில் இரண்டு விரல்

குளியலறைக் கதவின் மேல் கீல் உடைந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. கதவைத் திறக்க வேண்டுமானால் இடது தோளால் அதைச் சற்றுத் தூக்கிக் கொடுத்து, காலால் கீழ்மூலையை ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். அவளுக்கு அது பழகிவிட்டது. பழகிப்போனதுதான் எரிச்சலே. புதுக் கீல் வாங்கியாகிவிட்டது. உறைகூடப் பிரிக்காமல் அது கணினி மேசையின் இழுப்பறையில் மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஊர் பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் சும்மாவே ஏரோப்ளேன் செஞ்சு குடுப்பாராம். சொந்த வீட்டுக் கதவை நிமித்தி வைக்க மட்டும் நேரம் இருக்காதாம்” என்று பேக்கரியில் மாவை எடை போட்டு உருட்டும்போது சொல்வாள். கூட நிற்கும் பெண்கள், “நேத்து எது வரைக்கும் பறந்தாரு?” என்று கேட்டு ஏற்றிவிடுவார்கள். அவளும் சளைக்காமல் ஏதாவது சொல்வாள். கை பாட்டுக்கு மாவை உருட்டும், வாய் பாட்டுக்குக் கணவரை உருட்டும்.

அந்தக் கணவரை அக்கம்பக்கத்தில் அளவுக்காரர் என்பார்கள். விமானத் திடலை ஒட்டிய பெரிய கொட்டகையில் அவருக்கு வேலை. பணக்காரர்களின் சின்ன ஜெட் விமானங்கள் அங்கே வந்து இறங்கும். பழைய இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கேட்டவர் கேட்ட தோலில், கேட்ட மெத்தையில் புதிதாகச் செய்து கொடுப்பார்கள். பத்தொன்பது வருடமாக அவர் அங்கே இருக்கை தைக்கிறார். அளவு நாடா கழுத்தைவிட்டு இறங்காது. கல்யாண வீட்டுக்கும் அதோடு போய் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் இன்னொரு வேலை. வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. அவள் அதை விளையாட்டு என்பாள், அவருக்குக் கோபம் வரும். அந்தச் சிமுலேட்டரில் ஓட்டுவதற்கு ஆர்வக்காரர்கள் புதுப் புது விமானங்களைச் செய்து இணையத்தில் போடுவார்கள். சிலர் விற்பார்கள், சிலர் இலவசமாகக் கொடுப்பார்கள். அளவுக்காரர் இலவசக் கட்சி. மகள் படிக்கப் போன பிறகு காலியான அறையில் உட்கார்ந்து, நான்கு வருடம் மெனக்கெட்டு, ஒரே ஒரு சின்ன ஜெட்டைச் செய்து போட்டிருந்தார். பதினோராயிரம் பேர் அதைத் தங்கள் கணினியில் இறக்கியிருக்கிறார்கள்.

உள்ளதைச் சொன்னால், அந்த ஜெட் பறப்பதில் கொஞ்சம் மட்டம்தான். “இறங்கும்போது மாட்டு வண்டி மாதிரி ஆடுது” என்று ஒருவர் எழுதியிருந்தார். அளவுக்காரருக்கு அதில் வருத்தமில்லை. அவருடைய உயிரெல்லாம் உள்ளே, பயணிகள் உட்காரும் இடத்தில். ஒரு அங்குலத்துக்கு ஏழு தையல். தோல் மடிகிற இடத்தில் மடிப்பு, நூல் முடிச்சு விழுகிற இடத்தில் முடிச்சு. இவ்வளவு நேர்த்தியான இருக்கை காசுக்கு விற்கும் விமானத்தில்கூட இல்லை என்று எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு மனிதர் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடப்பார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் பேக்கரியிலிருந்து வந்தபோது மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் மாவு பிசைந்த வலது மணிக்கட்டு இந்த மழைக்காலத்தில் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. பட்டை சுற்றியிருந்தாள். குடையை இடது கையில் பிடித்துக்கொண்டு, பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், உள்ளே திருப்புளி சத்தம்.

அவளுக்குக் காதை நம்ப முடியவில்லை. நனைந்த செருப்போடு உள்ளே போனாள்.

கீல் உறையிலிருந்து வெளியே வந்திருந்தது. ஆனால் குளியலறைக்குப் போகவில்லை. அளவுக்காரர் அதை மகளின் துணி அலமாரியின் பக்கவாட்டில் முடுக்கி, அதில் அவள் வெங்காயம் நறுக்கும் பலகையை மாட்டியிருந்தார். பலகை செங்குத்தாக நின்றது, விட்டால் முன்பக்கம் கீழே சாயும். அதன் அடியில் ஒரு நாற்காலி. நாற்காலியின் வலது கைமேல் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, பெட்டிமேல் மெத்தைத் துண்டு வைத்து, இழுத்துத் தோல் போர்த்தியிருந்தார்.

“என்ன இது?”

“இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடி.”

“கதவு அந்தப் பக்கம் இருக்கு.”

“தெரியும். பிடி.”

குரலில் ஏதோ இருந்தது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டுப் பலகையைப் பிடித்தாள். அவர் நாடாவை வைத்து அளந்தார். பெட்டியடியில் ஒரு அட்டையைச் சொருகினார். மறுபடி அளந்தார். முகம் வெளுத்திருந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“முட்டை வேக வச்சுட்டுத்தானே போனேன்?”

“பின்சீட்டு ஒரு குறை எழுதியிருக்கார்.”

பின்சீட்டு யாரென்று அவளுக்குத் தெரியும். எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது, இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர்தான் தெரியும். விமானத்தை ஓட்டாமல், அதைத் தானாக ஓட விட்டுவிட்டு, உள்ளே பின்னிருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மேகம் பார்க்கிற ஆசாமி. ஒவ்வொரு தையலையும் கவனித்து எழுதுவார். அளவுக்காரருக்கு அவர் என்றால் தனிப் பிரியம்.

திரையில் இருந்ததை அவர் வாசித்துக் காட்டினார். “ஐயா, உங்கள் நீளச் சோபாவில் உட்கார்ந்து நேற்றுக் கடல் தாண்டினேன். ஒரே ஒரு குறை. பக்கத்து அவசர வழியின் கைப்பிடிக்கு ஒரு மூடி இருக்கிறதல்லவா, அதைத் திறந்தால் அது சோபாவின் கைத்திண்டுக்குள் பேய் மாதிரி நுழைந்து போகிறது. அளவு எங்கோ தப்பு. அடுத்த பதிப்பில் சரிசெய்யுங்கள்.”

“சரி, தப்புன்னா திருத்திட்டுப் போங்க. இதுக்கு எதுக்கு என் பலகை?”

“அளவு தப்பில்லை.”

“அப்புறம்?”

அவர் இழுப்பறையிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த நோட்டை எடுத்தார். வேலை நோட்டு. “காலையிலேருந்து நாலு தடவை பாத்துட்டேன். திண்டு உயரம் சரி. மூடி இருக்கிற இடம் சரி. எல்லாம் நான் கைப்பட அளந்தது. கம்ப்யூட்டர்ல ஒரு பொருளுக்குள்ள இன்னொரு பொருள் நுழைஞ்சு போயிடும், அதுக்கு ஒண்ணும் இல்ல. நிஜத்துல எப்படி நுழையும்?”

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்தச் சோபா... நிஜமா இருக்கா?”

“இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் தச்சது. அந்த ஒரு பிளேன்ல மட்டும்தான்.”

“அதுல ஆள் போறாங்களா?”

அவர் கைபேசியை எடுத்துக் காட்டினார். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று பார்க்கும் படம். நீலத்தின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

“இப்ப மேலதான் இருக்கு” என்றார்.

முட்டையை உரித்து, ரொட்டியோடு அவர்முன் வைத்து, அவர் சாப்பிடுகிறாரா என்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் மீதிக் கதையைக் கேட்டாள். அந்த விமானத்தின் முதலாளியம்மாவுக்கு முழங்கை வைக்க மெத்தென்று வேண்டுமாம். போகிற போக்கில் அளவுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரும் வரைபடத்தில் இருந்ததைவிட இரண்டு விரல் கனம் கூட வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். வரைபட அறைக்குச் சொல்லவில்லை. இரண்டு விரல்தானே.

“அந்த மூடியை யாரும் திறந்து பாக்க மாட்டாங்களா?”

“பாப்பாங்க. பாத்தாங்க. அன்னைக்குத் தோல் லேட்டா வந்துச்சு. காலையில வெறும் சட்டத்தை வச்சு மூடியைத் திறந்து பாத்து, சரின்னு முத்திரை போட்டாச்சு. சாயங்காலம்தான் நான் மெத்தையை ஏத்தினேன். அடுத்த நாள் விடியக்காலை பிளேன் போயாகணும். அதுக்கப்புறம் யார் திறந்து பாக்கிறது? அந்த மூடியில நான் கை வைக்கக் கூடாது, அது தச்சவன் வேலை இல்ல.”

“முத்திரை போட்டது யாரு?”

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அது யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கொட்டகையில் வேலை முடிந்த விமானத்தைச் சோதித்து, ‘சரி’ என்று தன் எண் பொறித்த முத்திரையை வைக்கிற உரிமை மூன்று பேருக்குத்தான். மூன்றாவது ஆள் அவளுடைய அண்ணன். பதினெட்டு வருடம் காத்திருந்து வாங்கிய முத்திரை. தனியாக அவர் ‘சரி’ சொன்ன முதல் விமானம் அந்தச் சோபா விமானம். அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவளுடைய கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் கொட்டகையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

“நீங்க பேசாம இருந்துட்டா?”

“இருந்துடலாம்.”

“சொன்னா?”

“வாடிக்கைக்காரங்க பிளேனை அளந்து வெளியில காட்ட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். போட்டோ எடுக்கலையே, நம்ம கைக்குத் தெரிஞ்ச அளவுதானேன்னு அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். எப்படித் தெரிஞ்சதுன்னு கேப்பாங்க. என் வேலை போகும். மச்சான் முத்திரை போகும்.”

“அந்த மூடி திறக்கவே திறக்காதா?”

“அதைப் பாக்கத்தான் உன் பலகை. மெத்தை அதே மெத்தை, மிச்சத் துண்டு. தோலும் அதே தோல்.” அவர் நாற்காலியில் உட்கார்ந்து பலகையைச் சாய்த்தார். அது தோல்மேல் மோதி நின்றது. உள்ளங்கையால் அழுத்தினார். நின்றது. மூன்றாவது தடவை தோளைக் கொடுத்து அழுத்தியபோது மெத்தை அமுங்கி, பலகை கீழே போனது.

“திறக்குது” என்றாள் அவள்.

“திறக்குது” என்றார் அவர். இருவருக்கும் அதில் சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். என்ன ஏதென்று சொல்லாமல், வந்துவிட்டுப் போ என்றாள். அவர் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட, ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். தடித்த உடம்பு, பெரிய கை. உள்ளே வரும்போதே குளியலறைக் கதவைப் பார்த்து, “இன்னும் சரி பண்ணலையா மாப்பிள்ளை?” என்று சிரித்தார்.

அளவுக்காரர் சுற்றி வளைக்கவில்லை. நோட்டைக் காட்டி, திரையைக் காட்டி, அலமாரியில் தொங்கும் பலகையைக் காட்டிச் சொல்லி முடித்தார். அவள் அடுக்களை வாசலில் நின்று அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது. கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

“நம்ம மூணு பேருக்கு. அப்புறம் பின்சீட்டு. அவருக்கு இது நிஜம்னு தெரியாது.”

“அப்ப முதல்ல உன் விளையாட்டை இணையத்துலேருந்து தூக்கு.”

விளையாட்டு இல்லை என்று அளவுக்காரர் இந்தத் தடவை சொல்லவில்லை.

“தூக்கிட்டு?”

“இன்னும் ரெண்டு மாசத்துல அந்த பிளேன் வழக்கமான வேலைக்கு நம்மகிட்ட வருது. தோல்ல சாயம் போற மாதிரி இருக்கு, சும்மாவே மாத்தித் தர்றோம்னு நானே எழுதுறேன். திண்டைக் கழட்டு, ரெண்டு விரலை எடு, தச்சு மாட்டு. உனக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல.”

நல்ல வழிதான். அவளுக்கே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதை மறைப்பானேன், அண்ணன் வாயிலிருந்து அந்த வழி வந்ததும் அவளுக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. கெட்டிலை இடது கையால் தூக்கித் தேநீரை ஊற்றினாள்.

“அதுவரைக்கும் அது பறக்குமாண்ணா?” என்று கேட்டாள்.

“பறக்கும் பாப்பா. பறக்கத்தானே இருக்கு.” நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். “இத்தனை வருஷமா அந்தக் கொட்டகையிலேருந்து போன பிளேன்ல ஒருத்தர்கூட அந்த மூடியைத் திறந்ததில்ல. திறக்க வேண்டி வந்ததில்ல.”

“வந்தா?”

“வந்தா என்ன? திறக்குதே. இரு.” அவர் எழுந்து, தேநீரை வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் போனார். நின்றபடியே பலகையைச் சாய்த்து அந்தப் பெரிய கையால் ஒரு அழுத்து. பலகை மெத்தையை அமுக்கிக்கொண்டு சட்டென்று கீழே போனது. “பாத்தியா? ஒரு தள்ளு. அவ்வளவுதான்.”

“உட்கார்ந்து தள்ளினா கொஞ்சம் கஷ்டம் மச்சான்” என்றார் அளவுக்காரர்.

அண்ணன் உட்கார்ந்து தள்ளினார். போனது. “ஏன், எனக்குப் போகுதே.”

மழை ஜன்னல் தகரத்தில் பட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. அளவுக்காரர் கைபேசியைப் பார்த்தார். மஞ்சள் புள்ளி ஏதோ ஓர் ஊரில் இறங்கி நின்றிருந்தது. இப்படியே முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. அண்ணன் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார்.

அவள் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு?” என்றார் கணவர்.

“சும்மா.”

உட்கார்ந்த இடத்திலிருந்து வலது கைதான் அதற்கு எட்டியது. பலகையைச் சாய்த்தாள். தோலில் மோதி நின்றது. அழுத்தினாள். மணிக்கட்டில் ஊசி குத்தியதுபோல வலி ஏறியது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள். உடம்பைத் திருப்பி இடது கையைக் கொடுத்துப் பார்த்தாள், பலம் சேரவில்லை. இரண்டு விரல் மெத்தை, கல்லாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை. பலகை இறங்கவில்லை.

“விடு பாப்பா. கை வலிக்கும்.”

“அந்தச் சோபாவுல யாருண்ணா உக்காருவாங்க?”

அளவுக்காரர்தான் சொன்னார். “அந்த முதலாளியம்மா. எழுபது வயசு இருக்கும். முழங்கை வலின்னுதான் மெத்துன்னு கேட்டாங்க.”

உரித்த ஆரஞ்சை அண்ணன் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். தங்கையின் கையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அண்ணன் எழுந்து போனால் இந்த வீட்டு வாசலை மறுபடி மிதிப்பாரா என்பது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர். அவர் முத்திரையைத் தான் தட்டிப் பறிக்கப்போகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

“மெத்தையை வைக்காம நான் பாத்திருக்கக் கூடாது” என்றார் அண்ணன் கடைசியில். யாரிடமும் சொல்லவில்லை, ஆரஞ்சிடம் சொன்னார்.

“நானும் சொல்லாம கூட்டி வச்சிருக்கக் கூடாது மச்சான்.”

“ஆமா. கூடாது.” அவர் எழுந்து மழைக்கோட்டை எடுத்தார். “இன்னைக்கு டூட்டியில மேனேஜர் இருப்பார். நோட்டை நனையாம எடுத்துக்கிட்டு வா மாப்பிள்ளை.”

வாசலில் கோட்டை மாட்டும்போது அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் அப்படியே இருந்தது.

என்ன நடந்தது என்பதைப் பொழுது சாயப்போகும் நேரத்தில் கணவர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மேனேஜர் முதலில் நம்பவில்லையாம். முத்திரை வைத்த காகிதம் ஒரு பக்கம் இருக்கும்போது, கறை படிந்த நோட்டை யார் மதிப்பார்கள்? விமானமோ எங்கோ இருக்கிறது.

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“டவுன்லோட் பண்ணுங்க சார்னு சொன்னேன்.”

“உங்க ஏரோப்ளேனையா?”

“ஆமா. வேற என்ன சாட்சி இருக்கு என்கிட்ட? அது இறங்கி முடிய முக்கால் மணி நேரம். மச்சானும் நானும் பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி நின்னுக்கிட்டிருந்தோம். அப்புறம் மேனேஜர் ஸ்கிரீன்லயே உள்ள போய், சுத்திச் சுத்திப் பாத்தார். தையலை எல்லாம் பாத்தார். ‘இது நம்ம சோபா’ன்னார். அப்படிச் சொன்னப்போ எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு, கேவலம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலும் வந்தது.

“மூடியைத் திறந்தார். அது திண்டுக்குள்ள பேய் மாதிரி போச்சு. உடனே அந்த பிளேன் ஓட்டுறவருக்கு ஃபோன் போட்டார். அவர் நின்ன இடத்துலேயே உள்ள ஏறிப் பாத்துட்டுக் கூப்பிட்டார். தான் அழுத்தினா ரொம்பக் கஷ்டப்பட்டுத் திறக்குதாம். கூட வேலை செய்யற பொண்ணை உக்கார வச்சுத் திறக்கச் சொன்னாராம். திறக்கலையாம்.”

“அப்புறம்?”

“நாலு திருகாணி. திண்டைக் கழட்டி மூட்டை வைக்கிற இடத்துல போட்டுட்டாங்க. பத்து நிமிஷ வேலை.” அவர் கழுத்து நாடாவை இழுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தார். “அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் ரெண்டு மாசம் காத்திருக்கலாம்னு பாத்தோம்.”

வேலை போகவில்லை. தானாக வந்து சொன்னதற்காக விட்டார்கள். ஆனால் இனி விமானத்துக்குள் அவர் ஏறக்கூடாது. பழைய இருக்கைகளின் தையலைப் பிரிக்கும் பின்கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் தைத்த கை இப்போது பிரித்தது. அண்ணனின் முத்திரையை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துவிட்டார்கள். அந்தச் சோபாவையும் கணினி விமானத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. மற்றபடி எல்லா விமானத்துக்கும் பொதுவான நாற்காலியை வைத்துக்கொள்ளலாம், அது யாருடைய சொத்தும் இல்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து சோபாவை எடுத்துவிட்டுச் சாதாரண நாற்காலி வைத்தார். “மூடிப் பிழை சரிசெய்யப்பட்டது. சோபா நீக்கப்பட்டது” என்று இரண்டு வரி எழுதிப் புதுப் பதிப்பைப் போட்டார். அவ்வளவுதான், வந்து குவிந்தது பாருங்கள். அந்த விமானத்தில் உருப்படியாக இருந்ததே அந்தச் சோபாதான் என்றார் ஒருவர். கொசுவுக்காக வீட்டைக் கொளுத்துவதா என்றார் இன்னொருவர். பின்சீட்டும் எழுதியிருந்தார். “ஐயா, நான் சொன்னது ஒரு சின்னக் குறை. அதற்காக இவ்வளவு பெரிய தண்டனை வேண்டாம். உங்கள் சோபாவில் உட்கார்ந்துதான் நான் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்.”

“என்ன பதில் போடப்போறீங்க?” என்று அவள் கேட்டாள்.

“என்னன்னு போடுறது?” வெகுநேரம் யோசித்து, ‘சுட்டிக்காட்டியதற்கு நன்றி’ என்று மட்டும் அடித்தார்.

அண்ணன் மூன்று ஞாயிறு வரவில்லை. ஃபோன் போட்டால் அண்ணி எடுத்தாள். குளிக்கிறார், தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று நேரத்துக்குத் தகுந்த மாதிரி அண்ணியும் எத்தனை சாக்குதான் சொல்வாள் பாவம். பேக்கரியில் அவள் வாய் ஓய்ந்துபோயிருந்தது. யாரும் ஏரோப்ளேன் கதை கேட்கவில்லை. செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்கு ஒரு அண்ணன் இருந்திருக்க மாட்டான்.

கீல் மட்டும் குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் வேலைவிட்டு வந்தபோது கதவு ஒற்றை விரலுக்குத் திறந்தது. பழக்கத்தில் தோளைக் கொடுத்தவள் உள்ளே போய் விழப் பார்த்தாள்.

நாலாவது ஞாயிறு, மழை விட்டு வெயில் அடித்த காலையில், ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அண்ணன்தான். கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வந்து, குளியலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். நேரே மகளின் அறைக்குப் போய்க் கணினி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உன் பிளேனைத் திற மாப்பிள்ளை.”

அளவுக்காரர் பதறிப்போய்க் கணினியைப் போட்டார். திரையில் அந்தச் சின்ன ஜெட்டின் உட்புறம் வந்தது. அவசர வழியின் பக்கத்தில் சாதாரண நாற்காலி, சாதாரணக் கைத்திண்டு. தையல் மட்டும் அங்குலத்துக்கு ஏழு.

“மெத்தை வச்சாச்சா?”

“வச்சாச்சு மச்சான்.”

“எல்லாம் வச்சாச்சா? அப்புறம் ஒண்ணும் ஏத்த மாட்டியே?”

“மாட்டேன்.”

“அப்ப சரி.” அண்ணன் சுட்டியைக் கையில் எடுத்தார். அந்தப் பெரிய கைக்குள் அது காணாமல் போனது. மூடியின்மேல் அம்பைக் கொண்டுபோனவர், அழுத்தாமல் நிறுத்தி, திரும்பிப் பார்த்தார்.

“பாப்பா, இங்க வா.”

அவள் மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார்.

“நீ திற” என்றார். “நான் திறந்து பாத்து என்ன பிரயோஜனம்.”

அவள் பட்டை சுற்றிய கையால் சுட்டியை அழுத்தினாள். திரையில் மூடி மெதுவாகச் சாய்ந்து இறங்கியது. திண்டை உரசாமல், எதற்குள்ளும் நுழையாமல், கடைசிவரை போய் நின்றது. உள்ளே சிவப்புக் கைப்பிடி தெரிந்தது. அண்ணன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

“நோட்டைக் குடு” என்று கணவரிடம் கேட்டு வாங்கினார். சட்டைப்பையில் முத்திரை இல்லை, பேனாதான் இருந்தது. புதுக் கைத்திண்டின் உயரம் குறித்த இடத்துக்குப் பக்கத்தில் தன் முத்திரை எண்ணைக் கையாலேயே எழுதி, அடியில் கோடு போட்டார்.

“தேநீர் இருக்கா?” என்றார்.